சொன்னதை மட்டும் எழுதுங்க

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களில் ஆறு பேர் கையில் வெள்ளைக்கோல் இருந்தது. எல்லோரும் சேப்பாக்கத்தில் ஏறியவர்கள், கல்லூரி மாணவர்கள். விடுமுறை நாளில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்க வருகிறார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற தன்னார்வலர்கள் நாலைந்து பேர் நடைமேடையிலேயே நின்றிருந்தார்கள். அன்று முழுக்க அவர்களோடு இருந்து பார்ப்பது என்று நானும் போயிருந்தேன்.

படிக்கட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பெரியவர் எங்களை முந்திக்கொண்டு ஓடிவந்தார். உதவும் எண்ணம் முகத்திலேயே தெரிந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த மாணவரின் கோல் நுனியைப் பிடித்து, "வாப்பா, இப்படி வா" என்று இழுத்தார். மாணவர் நின்றுவிட்டார்.

"கோலை விட்டுடுங்க சார். உங்க கையக் கொடுங்க, நான் புடிச்சிக்கிறேன்."

பெரியவர் கையை நீட்டினார். மாணவர் அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடந்தார். இருவரும் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

புதிதாக வருகிற தன்னார்வலருக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். பிடிக்க வேண்டியவர் அவர், நாம் அல்ல. அவர் நம் கையைப் பிடித்திருந்தால் நம் உடம்பு திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். நாம் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முதலில் மோதப்போகிறவர் அவர். படி வந்தால் ஒரு நொடி நின்று "ஏறுற படி" அல்லது "இறங்குற படி" என்று சொல்ல வேண்டும். வெறுமனே "படி" என்றால் போதாது. குறுகலான வழி வந்தால் கையை முதுகுப் பக்கம் மடக்கினால் போதும், அவர் நமக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். உட்கார வைக்கும்போது தோளை அமுக்கக் கூடாது. நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

என் கையைப் பிடித்து வந்தவர் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஊர் திருக்கோவிலூர் பக்கம். பிறவியிலேயே பார்வை இல்லை. "நான் டோட்டல் அக்கா" என்று அறிமுகத்திலேயே சொல்லிவிட்டார். கொஞ்சம் பார்வை இருப்பவர்களை இவர்கள் "பார்ஷியல்" என்கிறார்கள். நடைபாதையில் மின்பெட்டி, அதை ஒட்டி நிறுத்திய இரண்டு பைக், பெயர்ந்த சிமெண்ட் பலகை என்று வரிசையாக வந்தன. அவற்றையெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே அவர் கோல் சொல்லிவிட்டது. கோலால் கண்டுபிடிக்க முடியாதது ஒன்றுதான்: தலை உயரத்தில் தொங்குவது. மரக்கிளை, கடை முன்னால் நீட்டிய தகரம், சாய்த்து வைத்த ஏணி. "தரையில இருக்கறத நான் பாத்துக்கிறேன். மேல இருக்கறத மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். அந்தச் சாலையில் மரங்கள் அதிகம். மூன்று இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

நூலகத்தின் பிரெயில் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. 2010 செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்ட இந்த ஒன்பது மாடிக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல்மாடிகளின் போட்டித் தேர்வு நூல்களைச் சொல்வார்கள், குழந்தைகள் பிரிவைச் சொல்வார்கள். மற்ற தளங்களில் பேச்சு கேட்காது. பிரெயில் பிரிவில் பேச்சுதான் வேலை. நாங்கள் உள்ளே போனபோது, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இரண்டு பேராகத் தாழ்ந்த குரலில் வாசிப்பு தொடங்கியிருந்தது.

முதல் மேஜையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிறவர். வீட்டில் பையனுக்கு டிபன் கட்டிவைத்துவிட்டுக் கிளம்பியதாகச் சொன்னார். அவர் முன்னால் ஜெராக்ஸ் எடுத்த வகுப்புக் குறிப்புகள் ஒரு கட்டு இருந்தன, பாதி கையெழுத்து. எதிரே மாணவரின் போன் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "பக்கம் பதினேழு. தலைப்பு, நீதிக்கட்சி ஆட்சி. துணைத் தலைப்பு ஒன்று" என்று ஆரம்பித்தார். மேற்கோள் வந்தால் "மேற்கோள் தொடக்கம்" என்கிறார், முடிந்ததும் "மேற்கோள் முடிவு". ஆசிரியர் ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் "ஓரக்குறிப்பு" என்று சொல்லிவிட்டு அதையும் வாசிக்கிறார். இரண்டு வார்த்தை அழிந்திருந்தது. "இங்க ரெண்டு வார்த்தை தெரியல" என்று பதிவிலேயே சொன்னார். ஊகித்து நிரப்பவில்லை.

இடைவேளையில் அதைப் பற்றிக் கேட்டேன். "நான் ஊகிச்சு சொன்னா, அது நோட்ஸ்ல இருக்குன்னு நெனச்சு பரீட்சைல எழுதிருவான். தெரியலன்னு சொன்னா ஃபிரெண்டுகிட்ட கேட்டுக்குவான்" என்றார்.

மெதுவாக வாசிக்கிறாரா என்றால் அதுவும் இல்லை, சாதாரண வேகம்தான். மாணவர்கள் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். இழுத்து, நாடகம் போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால் அவர்களுக்குத் தொந்தரவு. ஒரே சீராக, எழுத்து விழுங்காமல், இருமலையும் காகிதச் சத்தத்தையும் தள்ளி வைத்து வாசிக்கிற குரலைத்தான் தேடுகிறார்கள்.

இப்போதெல்லாம் போனே வாசிக்கிறதே, ஆள் எதற்கு? என் மனதிலும் இருந்த கேள்விதான். திருக்கோவிலூர்க்காரர் தன் போனை என் காதருகே வைத்தார். அதன் திரைவாசிப்புக் குரலான டாக்பேக் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் அதே வேகத்தில் வாட்ஸ்அப் செய்தி முழுவதையும் கேட்டு முடித்துவிட்டார். கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே, 2006-ல் தொடங்கி இலவசமாகவே கொடுத்த திரைவாசிப்பு மென்பொருள் அது. காசு கொடுத்து வாங்க முடியாத நம்மூர் மாணவர்களுக்கு அது செய்த நன்மைக்கு அளவில்லை. அச்சிட்ட தமிழைப் படம்பிடித்து வாசிப்பதும் இந்தச் சில வருடங்களில் நன்றாகத் தேறிவிட்டது.

தேறாத இடங்களும் உண்டு. கையெழுத்துக் குறிப்பு, நாலாவது தலைமுறை ஜெராக்ஸ், இரண்டு பத்தியாக அச்சிட்ட கைடு, அட்டவணை. இரண்டு பத்தியை இயந்திரம் சில நேரம் குறுக்கே வாசித்துவிடும். இடப்பக்கத்து வாக்கியத்தின் தலையும் வலப்பக்கத்து வாக்கியத்தின் வாலும் சேர்ந்து எதுவோ ஒன்றாக வரும். பார்க்கிறவருக்கு ஒரு நொடியில் புரிகிற பிழை, கேட்கிறவரை ஐந்து நிமிடம் அலைக்கழிக்கும். தமிழ் வழியில் கலைக் கல்லூரியில் படிக்கிற மாணவரின் படிப்பில் பெரும்பகுதி இந்த ஜெராக்ஸ் கட்டுகளில்தான் இருக்கிறது. ஆகவே மாம்பலத்து அக்காவுக்கு வேலை இன்னும் இருக்கிறது.

இப்படிப் புத்தகத்தை ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் பதிப்பாளர் கேட்பாரோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவத்தில் நூலை மாற்றிக் கொடுக்க இடம் தருகிறது. லாபம் பார்க்கக் கூடாது, வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அடுத்த ஆண்டு மராக்கேஷ் நகரில் உருவான உலக ஒப்பந்தம் இதே உரிமையை நாடுகளின் எல்லை தாண்டியும் கொடுத்தது. 2014-ல் அதை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. இப்படி மாற்றிய நூல்களை ஒரே இடத்தில் சேர்க்க 2016-ல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. ஆனால் ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் வகுப்புக்கென்று எழுதிக்கொடுத்த குறிப்பு எந்த இணைய நூலகத்துக்கும் போகாது. அதை யாராவது ஒருவர் உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு.

இரண்டாவது மேஜையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவர் கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து தடித்த அட்டைகளாக எடுத்து வைத்தார். பொருளாதார மாணவி ஒருத்திக்கு வரைபடங்கள். முந்தின நாள் இரவே அட்டையில் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் ஃபெவிகாலைக் குழாயிலிருந்து ஒரே சீராக விட்டு, விடிய விடியக் காயவைத்திருக்கிறார். காய்ந்ததும் கோடு மேடாகிவிடுகிறது. தேவைக் கோட்டுக்கு வெறும் ஃபெவிகால். அளிப்புக் கோட்டுக்கு அதன் மேல் சணல் நூல் பதித்திருக்கிறார், விரலுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும் என்று. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கடுகு.

மாணவி இடது கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலை மேலிருந்து வழுக்கி இறக்கினாள். "இது டிமாண்ட்." பிறகு கீழிருந்து நூலைப் பிடித்து ஏறினாள். கடுகில் விரல் நின்றது. அங்கிருந்து இடப்பக்கமாக நேராகப் போய் அச்சைத் தொட்டு, "இது விலை", மறுபடி கடுகுக்கு வந்து நேராகக் கீழே இறங்கி, "இது அளவு" என்றாள். ஓய்வு பெற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் அளிப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அவள் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்து, "விலை குறையுது சார்" என்றபோது அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சி அவளுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தவராக, "சரியா சொன்னம்மா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

கணக்கும் வரைபடமும் வருகிற பாடங்களை எடுக்க வேண்டாம் என்று பள்ளியிலேயே இவர்களைத் திருப்பிவிடுகிற வழக்கம் இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களில் பெரும்பாலானோர் தமிழ், வரலாறு என்று போய்ச் சேர்வதில் அவர்கள் விருப்பம் பாதி, கிடைத்த வழி பாதி. ஒரு அட்டையும் ஒரு குப்பி பசையும் ஒரு இரவும் செலவழிக்க ஆள் இருந்தால் அந்த வழி அகலும் என்பதை அந்த மேஜையில் கண்ணால் பார்த்தேன்.

மூலையில் ஒரு பெண் தனியாக பிரெயிலில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். சிறப்புப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்து, இப்போது தமிழ் இலக்கியம் சேர்ந்திருப்பவள். காகிதத்தை ஸ்லேட்டில் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்துகிறாள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக, இடமிருந்து வலமாக வாசிக்கக் கிடைக்கும். எழுத்து ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பிம்பமாகக் குத்தப் பழகியிருக்க வேண்டும். ஆறே புள்ளிகள், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. லூயி பிரெயில் பதினைந்து வயதில் உருவாக்கிய அந்த ஆறு புள்ளிகளுக்குள்தான் இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலும் அடங்கியிருக்கிறது.

"ல எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் வைத்தாள். இடப்பக்கத்து மூன்றும் மேடு. "ள?" வலப்பக்கத்து மூன்றும். ழகரத்துக்கு ஐந்து புள்ளிகள், வலப்பக்கத்து முதல் புள்ளி மட்டும் கிடையாது.

எழுத்துக்கு எழுத்து புள்ளிகள் வேறாக இருப்பது சின்ன விஷயம் அல்ல. பேச்சில் ணகரமும் னகரமும், ரகரமும் றகரமும் பலருக்குக் கலந்துவிடுகின்றன. காதால் மட்டும் படித்தவருக்கு எழுத்து எது என்று தெரிய வழியில்லை. திருக்கோவிலூர்க்காரர் இந்தப் பெண்ணைப் போல பிரெயிலில் ஊறியவர் அல்ல. உள்ளூர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, காதால் கேட்டே பன்னிரண்டாவது வரை முடித்தவர். அவருக்கு ஒரு பெயரைக் கற்றுக்கொடுக்கும்போது மாம்பலத்து அக்கா "வேளாளர், ரெண்டும் 'பள்ளி'ல வர்ற ள" என்று சொல்வதைக் கவனித்தேன். இடையில் பார்வை போனவர்கள் வேறு ரகம். ஒன்பதாம் வகுப்பில் மாலைக்கண்ணாக ஆரம்பித்துப் பார்வை வளையம் சுருங்கிக்கொண்டே வந்த ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கு எழுத்தின் உருவம் நினைவில் இருக்கிறது, பிரெயில் விரலில் ஏறவில்லை. பார்வையற்றவர் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உதவி மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி தேவைப்படுகிறது. அதனால் புதியவர்களுக்கு அங்கே சொல்லித் தருகிற முதல் கேள்வி, "உங்களுக்கு எப்படி வேணும்?"

பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தோம். ஓய்வு பெற்றவரின் போன் வித்தியாசமான ஓசையில் அடித்தது. பி மை ஐஸ் செயலி. டென்மார்க்கில் மரச்சாமான் தொழில் செய்துவந்த, தானே பார்வை குறைந்தவரான ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்பவரின் யோசனையில் 2015-ல் வந்தது. பார்வையற்றவர் ஒருவர் வீடியோவில் அழைத்தால், அதே மொழி பேசுகிற தன்னார்வலர் யாராவது ஒருவருக்கு மணி அடிக்கும். திரையில் ஒரு மாத்திரை அட்டை தெரிந்தது. "சார், இதுல எக்ஸ்பைரி டேட் பாத்துச் சொல்றீங்களா?" ஒரு பெண் குரல். அட்டையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்க்கச் சொல்லி, மாதத்தையும் வருடத்தையும் வாசித்தார். "தேங்க்ஸ் சார்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த அழைப்பு அவருக்குப் பல மாதங்களுக்குப் பிறகு வந்ததாம். அந்தச் செயலியில் உதவி கேட்பவர்களைவிட உதவத் தயாராக இருப்பவர்கள் பல மடங்கு அதிகம். தமிழிலும் மணி அடிப்பதற்குள் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிறார். ஒரு நிமிட உதவிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடையில் இருந்த மாணவர்கள் பேசியது வேறு.

"எங்க ஹாஸ்டல்ல மாசத்துல பாதி நாள் யாராவது பொறந்தநாள் சாப்பாடு போடுவாங்க. பிரியாணி, ஐஸ்கிரீம் எல்லாம் வரும். நல்ல மனசுல பண்றாங்க, தப்பே சொல்ல மாட்டேன். ஆனா செவ்வாய்க்கிழமை காலைல பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் ஒரு ஸ்கிரைப் வேணும்னு கேட்டா, நூறு பேர் குரூப்ல ஒருத்தர் கை தூக்க மாட்டாங்க" என்றார் மாலைக்கண்காரர்.

ஸ்கிரைப் என்றால் தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல எழுதுபவர். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்கு அரசே ஆசிரியர்களை அமர்த்துகிறது. கல்லூரிக்கு வந்ததும் பல இடங்களில் மாணவரே ஆள் தேட வேண்டியிருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணித் தேர்வு நாலு மணி ஆகிவிடும். மாணவர் சொந்தமாக ஸ்கிரைபை அழைத்து வந்தால், வருபவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதல் சொன்னது. விடையை ஸ்கிரைபே எழுதிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, அதன் நியாயம் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாம்பலத்து அக்கா எம்.காம்., ஓய்வு பெற்றவர் பட்டதாரி. நேரம் இருக்கிற இவர்கள் இருவரும் பி.ஏ. மாணவருக்கு எழுத முடியாது. எழுதத் தகுதி உள்ள இளையவர்களுக்கோ அதே வாரத்தில் அவர்களுடைய தேர்வு. வார நாளில் நாலு மணி நேரமும், விதிக்குப் பொருந்துகிற படிப்பும், பிழையில்லாத தமிழ்க் கையெழுத்தும் ஒரே ஆளிடம் சேர்வது எவ்வளவு அரிது என்பது இந்த மாணவர்களுக்குத் தேர்வு அட்டவணை வந்த நாளிலிருந்தே தெரியும்.

போன வருடம் அந்த மாலைக்கண்காரருக்கு நடந்தது இது. வருகிறேன் என்று சொன்னவர் தேர்வு நாள் காலை ஒன்பது மணிக்கு, அவசர வேலை, வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினார். கல்லூரி வாசலில் நின்றுகொண்டு முப்பது பேருக்குப் போன் செய்திருக்கிறார். பதினொன்றரைக்கு ஒருவர் கிடைத்தார், அதற்குள் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அரியர். பாடம் முழுக்கத் தெரிந்திருந்தும் அரியர். "அவங்க மேல கோவம் இல்லக்கா. முந்தின நாள் ராத்திரியே முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. தன்னார்வலர் என்றால் விருப்பம் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று நாம் எடுத்துக்கொண்ட அர்த்தம் இன்னொருவருக்கு ஆறு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

மதியம் மறுபடி ரயிலேறித் திருவல்லிக்கேணிக்குப் போனோம். அங்கே ஒரு பள்ளியின் வகுப்பறையைக் கேட்டு வாங்கி, புதிய ஸ்கிரைப்களுக்கு மாதிரித் தேர்வு நடத்துகிறார்கள். வந்திருந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் கல்லூரி முதலாண்டுக்காரர்களும். ஒவ்வொருவரையும் ஒரு பார்வையற்ற மாணவரோடு உட்காரவைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம். கற்றுக்கொடுப்பவர் நாற்பதைத் தாண்டிய பார்வையற்ற ஆசிரியை. அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறார். தன் காலத்தில் பல ஸ்கிரைப்களைப் பார்த்தவர்.

"வினாத்தாள மொதல்ல முழுசா வாசிங்க, மார்க்கோட. 'ஏதேனும் ஐந்து'ன்னு இருந்தா அதையும் வாசிங்க. அவங்க சொல்ற வரிசைல எழுதுங்க. அரை மணிக்கு ஒரு தடவை நேரம் சொல்லுங்க, எத்தனை பக்கம் ஆச்சுன்னு சொல்லுங்க. பக்கம் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. அடிக்கோடு போடச் சொன்னா மட்டும் போடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மார்க் கேள்விக்கு நாலு விடையையும் ஒரே மாதிரி வாசிக்கணும். சரியான விடை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உங்க குரல் அங்க கொஞ்சம் அழுத்தும். நாங்க குரலை வெச்சே வாழறவங்க, கண்டுபிடிச்சிருவோம். அது காப்பி அடிக்கிறதுக்குச் சமம்."

அறையில் ஒரு பையன், பொறியியல் முதலாண்டு, உடனே பக்கத்து மாணவரிடம் நாலு விடைகளை வாசித்துக் காட்டினான். "மூணாவதா?" என்றார் மாணவர். ஆம். மறுபடி வாசித்தான். அடுத்த கேள்வியிலும் கண்டுபிடித்துவிட்டார். நாலைந்து கேள்விக்குப் பிறகுதான் அவன் குரல் சமநிலைக்கு வந்தது. சொல்லித் தராவிட்டால் யாருக்கும் தோன்றாத திறமை அது.

தேர்வு தொடங்கியது. திருக்கோவிலூர்க்காரருக்கு அந்தப் பொறியியல் பையன்தான் எழுதினான். வைக்கம் போராட்டம் பற்றிய கேள்வி. அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மேஜையில் தாளம் போட்டபடி, வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார். பையனும் வேகமாக எழுதிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் அவர் நிறுத்தி, "இதுவரைக்கும் வாசிங்க" என்றார். பையன் வாசித்தான். மூன்றாவது வாக்கியத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"நான் அப்படிச் சொல்லலியே."

பையன் தயங்கினான். "அண்ணா, நீங்க சொன்ன வாக்கியம் கொஞ்சம் நீளமா இருந்துச்சு. ரெண்டா பிரிச்சு எழுதினேன். அர்த்தம் அதேதான். படிக்க நல்லா இருக்கும்னு..."

"நல்லாதான் இருக்கு தம்பி. ஆனா அது உன் வாக்கியம். நான் அடுத்த பாராவுல அந்த நீள வாக்கியத்தோட தொடர்ச்சியாத்தான் யோசிச்சு வெச்சிருக்கேன். இப்ப எனக்கு அறுந்துபோச்சு. சொன்னதை மட்டும் எழுது. மோசமா சொன்னா மோசமா எழுது. மார்க் போனா என் மார்க்."

ஆசிரியை அந்தப் பக்கமே வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பையன் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுப் பழையபடி எழுதினான். காலையில் ரயில் நிலையத்தில் பெரியவர் பிடித்த கோலும் இவன் பிரித்த வாக்கியமும் ஒரே மனசிலிருந்து வந்தவைதான். நமக்குத் தெரிந்த நல்லதை அவருக்காக நாமே செய்துவிடுகிறோம். அந்த இடத்தில் அவருக்கு வேண்டியது நம் கண்ணும் கையும் மட்டுமே. முடிவு அவருடையது, பிழையும் அவருடையதாக இருக்க அவருக்கு உரிமை உண்டு. தன் பெயரில் வரும் விடைத்தாளில் தன் வாக்கியம் இருக்க வேண்டும் என்று கேட்பது எந்த மாணவருக்கும் இருக்கிற ஆசைதானே.

ஒரு மணி நேரமும் கூடுதல் இருபது நிமிடமும் முடிந்தன. ஆசிரியை விடைத்தாள்களைத் திருத்தவில்லை. மாணவர்களிடம் ஸ்கிரைபைப் பற்றியும், ஸ்கிரைபிடம் மாணவரைப் பற்றியும் கேட்டார். "மெதுவா எழுதறாங்க", "வேகமா சொல்றார்", "ஸ்பெல்லிங் கேக்கறாங்க, நல்லது." ஒரு பெண்ணுக்குக் கை வலித்துவிட்டது. நாலு மணி நேரம் எழுத வேண்டும் என்பதால், தேர்வுக்கு முந்தின வாரத்தில் தினமும் கொஞ்சம் எழுதிப் பழகச் சொன்னார்.

பிறகு நவம்பர் தேர்வு அட்டவணை. மாம்பலத்து அக்கா, தானே எழுத முடியாவிட்டாலும் இந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார், நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். தேதி, பாடம், தமிழ் வழியா ஆங்கில வழியா, எந்தக் கல்லூரி, காலையா மதியமா. ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு பெயர் எழுதிக்கொண்டார், ஒருவர் வராவிட்டால் மற்றவர். போன வருட அனுபவத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடாம். பல வரிகளில் ஒரு பெயர்தான் விழுந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. பொருளாதாரத்துக்கு ஆங்கில வழியில் எழுத அன்று யாரும் இல்லை. "வரைபடம் போடணும், அதான் பயப்படறாங்க" என்றாள் அட்டை மாணவி.

திருக்கோவிலூர்க்காரரின் முதல் தாள் ஒரு வியாழக்கிழமை. பொறியியல் பையன் தன் கல்லூரி அட்டவணையைப் போனில் பார்த்துவிட்டு, அன்று தனக்கு லேப் மட்டும்தான், ஆசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொள்கிறேன் என்றான். "கேட்டுட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு" என்றார் இவர். "இல்லன்னாலும் சொல்லிரு."

"சொல்றேன் அண்ணா."

"பிளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸ், ஆதார் ஒரிஜினல், போட்டோ ரெண்டு. ஃபார்ம்ல கையெழுத்து வாங்க ஒரு நாள் முன்னாடி காலேஜுக்கு வரணும். தேர்வன்னிக்கு எட்டரைக்கு சேப்பாக்கம் ஸ்டேஷன்ல நிக்கறேன். பேனா ரெண்டு எடுத்துட்டு வா, ஒண்ணு நின்னுட்டா தேட முடியாது."

பையன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, திரும்பவும் அவருக்கு வாசித்துக் காட்டினான்.